பறவை பறக்க எவ்வளவு செலவாகும்? நெல்லைக் குளக்கரைகளில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பறக்கும்போது பறவையின் உடம்பில் என்ன நடக்கிறது, அதற்கு எவ்வளவு ஆற்றல் செலவாகிறது என்பது என் ஆராய்ச்சி. கூந்தன்குளம், விஜயநாராயணம், திருப்புடைமருதூர் என்று நெல்லைச் சீமையின் நீர்நிலைகளில் தொலைநோக்கியோடு நிற்கும்போது, குளத்துப் பாசன விவசாயிகளும் கல்லூரிப் பிள்ளைகளும் பறவை பார்க்கக் குடும்பத்தோடு வருகிறவர்களும் நிறையக் கேட்பார்கள். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

பறவைகளை எண்ணுவதுதானே உங்கள் வேலை?

எண்ணுவதும் உண்டு. தாமிரபரணிப் பாசனக் குளங்களில் 2011 முதல் ஜனவரியில் நடக்கும் நீர்ப்பறவைகள் கணக்கெடுப்பில் நூற்றுக்கணக்கான தன்னார்வலர்கள் எண்ணுகிறார்கள். மணிமுத்தாற்றில் இருக்கும் அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவள காப்பு மையம் அதை நடத்துகிறது. என் கேள்வி அதற்கு அடுத்தது. ஒரு பறவை இந்தக் குளத்தில் இன்று எவ்வளவு சாப்பிட்டது, அதில் எவ்வளவைப் பறந்தே செலவழித்தது, மிச்சம் என்ன? இந்த வரவு செலவைத்தான் பார்க்கிறேன். அதற்கு உடலியலும் தெரிய வேண்டும், கொஞ்சம் இயற்பியலும் தெரிய வேண்டும்.

காக்கா, கொக்கு எல்லாம் சும்மா பறக்கிற மாதிரித்தானே இருக்கிறது? பறப்பது அவ்வளவு கஷ்டமா அண்ணாச்சி?

நேரத்தை வைத்துக் கணக்குப் போட்டால் மிகவும் கஷ்டம். இறக்கை அடித்துப் பறக்கும் பறவை, அசையாமல் ஓய்ந்திருக்கும்போது ஆகும் செலவைப் போலப் பத்து மடங்கும் அதற்கு மேலும் செலவழிக்கும். நாம் மூச்சு வாங்க ஓடினாலும் அந்த அளவை வெகுநேரம் தாக்குப்பிடிக்க முடியாது. பறவையோ மணிக்கணக்கில் அதைச் செய்கிறது.

தூரத்தை வைத்துக் கணக்குப் போட்டால் கதை மாறிவிடும். ஒரு கிலோமீட்டர் போக, அதே எடையுள்ள விலங்கு தரையில் ஓடிச் செலவழிப்பதைவிடப் பறவை பறந்து செலவழிப்பது பல மடங்கு குறைவு. க்னூட் ஷ்மிட்-நீல்சன் என்ற உடலியல் அறிஞர் 1972இல் நீந்துவது, ஓடுவது, பறப்பது மூன்றையும் ஒப்பிட்டு இதைத் தெளிவாகக் காட்டினார். எலியால் கண்டம் தாண்ட முடியாது, எலி எடையுள்ள உள்ளான் பறவையால் முடியும் என்பதற்கு இதுவே காரணம்.

ஆகாயத்தில் போகிற பறவையின் செலவை எப்படி ஐயா அளப்பீர்கள்?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. மூன்று வழிகள் சொல்கிறேன்.

முதல் வழி மூச்சு. உடம்பு எரிக்கும் ஆக்ஸிஜனை அளந்தால் செலவு தெரிந்துவிடும். 1968இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் வான்ஸ் டக்கர் என்பவர், நம் ஊரில் லவ் பேர்ட்ஸ் என்று கூண்டில் விற்கிறார்களே, அந்த பட்ஜி கிளியைக் காற்றுச் சுரங்கத்தில் பறக்கப் பழக்கினார். காற்று எதிரே வீசும், கிளி நின்ற இடத்திலேயே பறக்கும். அதன் முகத்தில் சின்ன முகமூடி, அதிலிருந்து ஒரு குழாய். எத்தனையோ கருவிகள் வந்துவிட்ட இன்றைக்கும் அந்தச் சோதனையின் எளிமை என்னை வியக்க வைக்கிறது.

இரண்டாவது வழி தண்ணீர். சாதாரண ஹைட்ரஜனுக்குப் பதில் அதன் கனமான வகையான டியூட்டீரியமும், சாதாரண ஆக்ஸிஜனுக்குப் பதில் அதன் கனமான வகையான ஆக்ஸிஜன்-18ம் கொண்ட தண்ணீரைப் பறவைக்குச் சிறிதளவு ஊசி மூலம் செலுத்துவார்கள். டியூட்டீரியம் உடம்பிலிருந்து தண்ணீராக மட்டுமே வெளியேறும். ஆக்ஸிஜன்-18 தண்ணீராகவும் போகும், மூச்சில் கார்பன் டை ஆக்ஸைடாகவும் போகும். பறவையை விட்டுவிட்டு, மறுபடி பிடித்து, இரத்தத்தில் இரண்டும் எவ்வளவு குறைந்திருக்கின்றன என்று பார்த்தால், அந்த வித்தியாசம்தான் வெளியேறிய கார்பன் டை ஆக்ஸைடு. அதிலிருந்து செலவைக் கணக்கிடலாம். பறவையைத் திரும்பப் பிடிக்க வேண்டும் என்பதுதான் இதில் சிரமம். கூட்டுக்குத் திரும்பி வரும் பறவைகளுக்குச் சரிப்படும், வலசை போகிறவற்றுக்குச் சரிப்படாது.

மூன்றாவது வழி இதயம். துடிப்பைப் பதிவு செய்யும் சிறு கருவியை உடம்புக்குள் வைப்பது. கூடவே அசைவை அளக்கும் கருவி இருந்தால், ஒவ்வொரு இறக்கை அடியும் பதிவாகும். இமயமலையைத் தாண்டி வரும் வரித்தலை வாத்தைப் பற்றி நமக்கு இன்று தெரிந்தவற்றில் பாதி இப்படிக் கிடைத்தவை. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

மெதுவாகப் பறந்தால் செலவு குறையுமா?

குறையாது. மிக மெதுவாகப் பறந்தால் உடம்பைக் கீழே விழாமல் தாங்கவே நிறைய ஆற்றல் போய்விடும். மிக வேகமாகப் பறந்தால் எதிர்க்காற்றின் தடைக்குப் போய்விடும். நடுவில் ஒரு வேகத்தில் செலவு குறைவு. டக்கரின் கிளிக்கு அது மணிக்கு 35 கிலோமீட்டர் அளவில் வந்தது. காலின் பென்னிகுயிக் என்ற பிரிட்டிஷ் அறிஞர் இதே காலத்தில் புறாவை வைத்து இந்தக் கணக்குக்கு அடித்தளம் போட்டார்.

இதில் இன்னொரு நுணுக்கம் உண்டு. ஒரு மணி நேரத்துக்கு மிகக் குறைந்த செலவாகும் வேகமும், ஒரு கிலோமீட்டருக்கு மிகக் குறைந்த செலவாகும் வேகமும் வேறு வேறு. இரண்டாவது கொஞ்சம் அதிகம். தூரம் போக வேண்டிய பறவைக்கு இரண்டாவதுதான் லாபம்.

நாட்டுக்கோழி நெஞ்சுக்கறி வெளுப்பு, புறா நெஞ்சுக்கறி சிவப்பு. ஏன்?

பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரி மாணவி கேட்டார். ஆராய்ச்சிக் கருத்தரங்கில்கூட இவ்வளவு நல்ல கேள்வியை நான் கேட்டதில்லை.

நெஞ்சுக்கறிதான் பறக்கும் தசை. புறாவுக்கு அது நாள் முழுக்க வேலை செய்ய வேண்டும். அதனால் அதில் இரத்தக் குழாய்கள் அதிகம், ஆக்ஸிஜனைப் பிடித்துவைக்கும் சிவப்பு நிற மயோகுளோபின் அதிகம், கொழுப்பை எரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவும் அதிகம். கோழி பறப்பது நாயைக் கண்டு கூரையில் ஏறவும், இரவு மரத்தில் அடையவும்தான். சில நொடிகளுக்கு முழு வேகம், அப்புறம் களைப்பு. ஆக்ஸிஜன் அதிகம் இல்லாமலே சேமித்த சர்க்கரைச் சத்தைச் சட்டென்று எரிக்கும் வெளிர் தசை அதற்குப் போதும். கோழியின் கால்கறி சற்றுக் கருத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். நாள் முழுக்கக் கிளறி நடப்பது கால்தானே!

பெரிய நெஞ்சுத் தசை இறக்கையைக் கீழே அடிக்கிறது. மேலே தூக்குவது முதுகுத் தசை என்று பலர் நினைக்கிறார்கள். அதுவும் நெஞ்சில்தான் இருக்கிறது, பெரிய தசைக்கு அடியில். அதன் தசைநார் தோளில் உள்ள ஓர் எலும்புத் துளை வழியாகப் போய் மேல் பக்கமாக இறக்கை எலும்பில் சேர்கிறது. கனமான இரண்டு தசைகளும் கீழே இருப்பதால் பறக்கும்போது உடம்பு கவிழாது.

மயிலுக்கு அந்தத் தோகை பெரிய சுமை இல்லையா?

நம் தோட்டங்களில் மயில் பெருகியதிலிருந்து அடிக்கடி கேட்கிறார்கள். சுமை என்றுதான் எல்லோரும் நம்பியிருந்தார்கள். 2014இல் இங்கிலாந்தில் கிரஹாம் ஆஸ்க்யூ மயில்கள் எழும்புவதை அதிவேகக் கேமராவில் படம் பிடித்து, தோகை இருக்கும்போதும் அதை வெட்டிய பிறகும் ஒப்பிட்டார். எழும்பும் திறனில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. எழும்பி மரத்தில் ஏறுவதைப் பற்றி மட்டுமே இது சொல்கிறது. அவ்வளவு பெரிய தோகையை ஆண்டுதோறும் உதிர்த்து மறுபடி வளர்ப்பது தனிச் செலவு.

பறக்கும்போது பறவைக்கு மூச்சு வாங்காதா?

நம் நுரையீரலில் காற்று வந்த வழியே திரும்பப் போகிறது. அதனால் பழைய காற்றும் புதுக் காற்றும் கலந்துவிடும். பறவையின் நுரையீரல் சுருங்கி விரிவதே இல்லை. அதற்கு முன்னும் பின்னும் காற்றுப் பைகள் இருக்கின்றன, பெரும்பாலான பறவைகளில் ஒன்பது. கொல்லன் பட்டறைத் துருத்தி மாதிரி இவை ஊத, நுரையீரல் வழியே காற்று எப்போதும் ஒரே திசையில் ஓடுகிறது. இழுத்த காற்று முழுதாக வெளியேற இரண்டு மூச்சு ஆகும். மூச்சை விடும்போதும் நுரையீரலுக்குப் புதுக் காற்று கிடைத்துக்கொண்டே இருக்கும்.

கூந்தன்குளத்துக்கு வரும் வாத்து எவரெஸ்ட் மேலே பறந்து வருகிறதாமே?

வரித்தலை வாத்தைச் சொல்கிறீர்கள். மார்கழி, தை மாதங்களில் கூந்தன்குளத்துக்கும் சுற்றுக் குளங்களுக்கும் வரும். இரண்டு மூன்று கிலோ எடை, வெள்ளைத் தலையில் இரண்டு கறுப்புப் பட்டை. மங்கோலியா, திபெத் பக்கம் முட்டையிட்டுக் குஞ்சு பொரித்துவிட்டு, இமயமலையைத் தாண்டி வரும் இனம் இது. மங்கோலியாவில் கழுத்துப்பட்டை மாட்டிய வாத்துகளைத் தென்னிந்தியக் குளங்களில் பார்த்திருக்கிறார்கள்.

எவரெஸ்ட் கதைக்கு வருவோம். மலையேறியவர்கள் சொன்னதாக அது வெகுநாளாக உலவுகிறது. ஜிபிஎஸ் கருவி கட்டி ஆராய்ந்ததில் பதிவான மிக உயர்ந்த அளவு 7,290 மீட்டர். எவரெஸ்ட் 8,849 மீட்டர். பெரும்பாலான வாத்துகள் 6,000 மீட்டருக்குக் கீழேதான், கணவாய்களையும் பள்ளத்தாக்குகளையும் ஒட்டிப் போகின்றன. 5,500 மீட்டரிலேயே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் பாதிதான். நம்மில் பலருக்கு அங்கே நடந்தாலே தலை சுற்றும். அங்கே இது இறக்கை அடித்து ஏறுகிறது என்பதே எனக்குப் போதுமான அதிசயம்.

2011இல் வெளியான ஆய்வில் இன்னொன்று தெரிந்தது. இந்தியப் பக்கத்திலிருந்து ஏறும் வாத்துகள் ஏழு எட்டு மணி நேரத்தில் மலையின் மேல் ஏறிவிடுகின்றன. மதிய வேளையில் மலைச்சரிவில் மேல்நோக்கி வீசும் காற்று இருக்கிறது. அதைப் பயன்படுத்தினால் சுலபமாயிற்றே என்று நமக்குத் தோன்றும். அவை இரவிலும் விடியற்காலையிலும் ஏறுகின்றன. அப்போது காற்று குளிர்ந்து அடர்த்தியாக இருக்கும். அடர்ந்த காற்றில் இறக்கைக்குத் தாங்கல் கூடுதல், ஆக்ஸிஜனும் கூடுதல், சுழற்காற்றின் ஆபத்தும் குறைவு.

2015இல் சார்லஸ் பிஷப் குழுவினர், மங்கோலியாவில் பிடித்த வாத்துகளின் உடம்புக்குள் கருவி வைத்துப் பதிவு செய்தார்கள். ஒரே உயரத்தில் நேராகப் போகாமல், நிலம் உயரும்போது உயர்ந்து, தாழும்போது தாழ்ந்து போகின்றன. ஏறிய உயரத்தை இழந்து மறுபடி ஏறுவது வீண் என்று தோன்றலாம். மேலே மெல்லிய காற்றிலேயே இருப்பதுதான் அதிகச் செலவு என்று இதயத் துடிப்பு காட்டியது. இறக்கை அடிக்கும் வேகம் 5 சதவீதம் கூடினால் இதயத் துடிப்பு 19 சதவீதமும், ஆற்றல் தேவை 41 சதவீதமும் கூடுகிறது. இந்த ஒரு கணக்கை மாணவர்களுக்குச் சொல்லாமல் நான் வகுப்பை முடிப்பதில்லை.

உடம்பிலும் ஏற்பாடுகள் இருக்கின்றன. இதன் ஹீமோகுளோபினில் ஓர் அமினோ அமிலம் மாறியிருப்பதால் ஆக்ஸிஜனை இறுகப் பிடிக்கிறது. பறக்கும் தசையில் நுண்குழாய்கள் மற்ற வாத்துகளைவிட அதிகம். மைட்டோகாண்ட்ரியா அந்தக் குழாய்களை ஒட்டி, செல்லின் ஓரமாக அமைந்திருக்கின்றன. ஜெசிகா மீர் என்ற ஆராய்ச்சியாளர் இந்த வாத்துகளைக் குஞ்சிலிருந்தே வளர்த்து, தன்னைத் தாயாக நினைக்கப் பழக்கி, முகமூடி மாட்டிக் கனடாவில் ஒரு காற்றுச் சுரங்கத்தில் பறக்கவிட்டார். ஆக்ஸிஜனைக் குறைத்தபோதும் அவை பறந்தன. மொத்தச் செலவையே குறைத்துக்கொண்டு பறந்தன என்பது 2019இல் வெளியானது. அதே ஆண்டு மீர் நாசா விண்வெளி வீராங்கனையாக, பெண்கள் மட்டும் பங்கேற்ற முதல் விண்வெளி நடையில் இருவரில் ஒருவராக இருந்தார்.

கூழைக்கடா ஏன் வரிசை கட்டிப் போகிறது?

இறக்கை நுனியிலிருந்து பின்னால் சுழல் காற்று கிளம்பும். அதன் வெளிப்பக்கம் மேல்நோக்கிப் போகும். பின்னால் வரும் பறவை அங்கே தன் இறக்கையை வைத்தால் கொஞ்சம் தாங்கல் இலவசம். 2001இல் வெள்ளைக் கூழைக்கடாக்களைப் படகையும் சிறு விமானத்தையும் பின்தொடரப் பழக்கி அளந்தார்கள். தனியாகப் பறப்பதைவிட வரிசையில் பறக்கும்போது 11 முதல் 14 சதவீதம் மிச்சம். 2014இல் அரிவாள் மூக்கன் இனப் பறவைகளில் செய்த ஆய்வில், முன்னே போகும் பறவையின் இறக்கை அடிக்கு ஏற்றபடி பின்னே போவது தன் அடியின் நேரத்தைச் சரிசெய்கிறது என்று தெரிந்தது.

எல்லாக் கூட்டமும் மிச்சம் பிடிப்பதற்காக அல்ல. புறாக்கள் நெருக்கமாகப் பறக்கும்போது செலவு கூடுகிறது. வல்லூறிடமிருந்து தப்பிக்க அந்தச் செலவை அவை ஏற்றுக்கொள்கின்றன என்று கருதுகிறார்கள்.

பருந்து இறக்கையே அடிக்காமல் வட்டம் போடுகிறதே?

வெயிலில் சூடான தரையிலிருந்து காற்று தூணாக மேலே எழும்பும். அந்தத் தூணுக்குள் சுற்றினால் போதும். இறக்கையை விரித்துப் பிடித்திருப்பதற்கு ஆகும் செலவு ஓய்ந்திருப்பதைப் போல இரண்டு மடங்கு அளவில்தான். 2020இல் வெளியான ஆய்வில், 15 கிலோ வரை எடை வரும் ஆண்டீஸ் மலைக் கழுகு தன் பறக்கும் நேரத்தில் 1 சதவீதம்தான் இறக்கை அடிக்கிறது என்று பதிவானது. ஒரு பறவை ஐந்து மணி நேரத்துக்கு மேல், 172 கிலோமீட்டர், ஒரு முறைகூட இறக்கை அடிக்காமல் போயிருக்கிறது.

நம் ஊரில் இதைப் பார்க்க வேண்டுமானால் காலை ஒன்பது பத்து மணிக்கு மேல் வாருங்கள். தரை காய்ந்த பிறகுதான் மஞ்சள் மூக்கு நாரையும் கூழைக்கடாவும் வட்டமடித்து உயர்ந்து, தூரத்துக் குளங்களுக்கு இரை தேடக் கிளம்பும். திசையன்விளைப் பக்கத்துத் தேரிக்காட்டின் செம்மணல் சீக்கிரம் சூடேறும். அங்கே பருந்துகள் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

அவ்வளவு தூரம் வலசை வரும் பறவை வழியில் எதைச் சாப்பிடும்?

சில இனங்கள் வழியில் இறங்கிச் சாப்பிடும். சில, கிளம்பும் முன் சேர்த்த கொழுப்போடு ஒரே மூச்சாகப் போகும். ஒரு கிராம் கொழுப்பில் 9 கிலோ கலோரி. மாவுச்சத்தில் 4தான், அதுவும் உடம்பில் தண்ணீரோடு சேர்ந்தே தங்குவதால் எடை கூடிவிடும். அதனால்தான் கொழுப்பு. எரியும்போது அதிலிருந்து தண்ணீரும் கிடைக்கும், கிராமுக்கு ஏறத்தாழ ஒரு கிராம்.

2022 அக்டோபரில் ஐந்து மாத வயதுள்ள ஒரு பட்டைவால் மூக்கன் அலாஸ்காவிலிருந்து டாஸ்மேனியா வரை 13,560 கிலோமீட்டரை 11 நாளில் நிற்காமல் கடந்தது. அந்த இனம் கிளம்பும்போது உடல் எடையில் பாதிக்கு மேல் கொழுப்பாக இருக்கும். குடல், இரைப்பை, கல்லீரல் எல்லாம் சுருங்கிவிடும். வழியில் சாப்பிடப் போவதில்லை, பிறகு எதற்கு அந்தச் சுமை?

நம் குளங்களுக்கு வரும் கொசு உள்ளான், பொறி உள்ளான், கருவால் மூக்கன் எல்லாம் வடக்கே திரும்பக் கொழுப்புச் சேர்ப்பது மாசி, பங்குனியில். அப்போது குளம் வற்றிச் சேறு தெரியும். ‘தண்ணியே இல்லை, இனி இந்தக் குளத்தில் என்ன இருக்கிறது’ என்று நாம் சொல்லும் அதே சேற்றில்தான் புழுவும் பூச்சியும் இருக்கின்றன. உள்ளானுக்கு நிறைகுளத்தைவிட அரைகுறையாய் வற்றிய குளம்தான் சாப்பாட்டு இடம். அந்த நேரம் பார்த்துக் குப்பை கொட்டுவதும் மண் அள்ள வண்டியை இறக்குவதும் எனக்கு உண்மையிலேயே வேதனையான காட்சி. வண்டல் அள்ள வேண்டாம் என்று சொல்லவில்லை, அது பாசனத்துக்கு வேண்டியது. வலசைப் பறவைகள் சித்திரையில் கிளம்பிய பிறகு அள்ளலாமே என்றுதான் கேட்கிறேன்.

பறந்துகொண்டே தூங்குமா?

சில தூங்கும். கலாபகஸ் தீவுகளில் கப்பல் பறவையின் மூளை மின்னலைகளைப் பதிவு செய்து 2016இல் வெளியிட்டார்கள். பறக்கும்போது ஒரு நாளைக்கு 42 நிமிடம்தான் தூங்கியது. கரையில் அதற்குப் பல மணி நேரத் தூக்கம்.

பறக்கிற படம் எடுக்கக் கையைத் தட்டிக் கிளப்பினால் என்ன தப்பு? திரும்ப வந்து உட்காரத்தானே போகிறது?

பறத்தலில் மிக அதிகச் செலவு எழும்புவதில்தான். சின்னச் சின்னத் தூரம் எழும்பி அமரும் பறவைகளை அளந்த ஓர் ஆய்வில், வரிக்குருவி அளவுள்ள சிறு பறவைக்கு அந்தச் சில நொடிப் பறத்தல் ஓய்வுச் செலவைப் போல ஏறத்தாழ 28 மடங்கு வந்தது. நாமக்கோழியும் கூழைக்கடாவும் தண்ணீர் மேல் ஓடித்தான் எழும்ப முடியும். ஒருவர் கை தட்டினால் ஒரு வாத்து மட்டும் எழும்பாது, கூட்டமே எழும்பும். எழும்பிய நேரம் மேயாத நேரமும்கூட. செலவு ஏறி, வரவும் நின்றுவிடும். ஒரு நாளில் நாலைந்து குழுக்கள் இப்படிச் செய்தால் வலசைக்குச் சேர்க்க வேண்டிய கொழுப்பு குறையும். ட்ரோன் பறக்கவிடுவது இன்னும் மோசம்.

கூந்தன்குளத்துக்காரர்களுக்கு இதை நான் போய்ச் சொல்ல வேண்டியதில்லை. 1994இல் அது சரணாலயமாவதற்கு வெகு முன்பிருந்தே வீட்டு வாசல் மரத்தில் நாரை கூடு கட்ட விட்டவர்கள், தீபாவளிக்கு வெடி வெடிக்காதவர்கள். 2022இல் உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் அந்த ஊர் சேர்ந்ததற்கு முதல் உரிமை அவர்களுடையது. வெளியூரிலிருந்து வருகிறவர்கள் கரையிலேயே நின்று பார்த்தால் போதும்.

கருவி மாட்டுவது பறவைக்குத் துன்பம் இல்லையா?

சுமைதான். அதை மறைக்கக் கூடாது. உடல் எடையில் 3 முதல் 5 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்பது பொதுவாகக் கடைப்பிடிக்கும் வரம்பு. குறைவாக இருந்தால் இன்னும் நல்லது. இந்தியாவில் 1972 வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தின்படி அனுமதி இல்லாமல் யாரும் பிடிக்கவோ மாட்டவோ முடியாது. கேமராவில் இறக்கை அடியை எண்ணிப் பதில் கிடைக்கும் கேள்விக்குப் பறவையைப் பிடிப்பது நியாயம் இல்லை என்பது என் கருத்து.

இதைப் படிக்க என்ன செய்ய வேண்டும்?

இளநிலையில் விலங்கியல் எடுத்தாலும் சரி, இயற்பியல் எடுத்தாலும் சரி. கணக்கைக் கைவிடாதீர்கள். மயிலாடுதுறை ஏவிசி கல்லூரியில் வனவுயிரியல் முதுநிலை இருக்கிறது. ஆராய்ச்சிக்குக் கோவை ஆனைகட்டியில் சாலிம் அலி மையம், டேராடூனில் இந்திய வனவுயிர் நிறுவனம் இருக்கின்றன. அதற்கு முன்னால், வருகிற ஜனவரிக் கணக்கெடுப்பில் ஒரு குளத்துக்குப் போய் நில்லுங்கள். ஊசிவால் வாத்து தண்ணீரிலிருந்து நேராக எழும்புவதையும் நாமக்கோழி ஓடி எழும்புவதையும் பக்கத்தில் பக்கத்தில் பார்த்து, ஏன் இந்த வித்தியாசம் என்று கேட்கத் தோன்றினால் நீங்கள் தொடங்கிவிட்டீர்கள்.

காலில் வளையம் போட்ட பறவை வயலில் கிடந்தால் யாரிடம் சொல்வது?

உயிரோடு இருந்தால் முதலில் வனத்துறைக்குச் சொல்லுங்கள். துணியால் மூடிய காற்றோட்டமான அட்டைப் பெட்டியில் நிழலில் வையுங்கள். வாயில் தண்ணீர் ஊற்ற வேண்டாம், மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். வளையத்தில் இருக்கும் எழுத்தும் எண்ணும் தெளிவாகத் தெரியும்படி படம் எடுங்கள். இடம், தேதியோடு வனத்துறைக்கும் மும்பையில் உள்ள பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் என்ற பிஎன்எச்எஸ் அமைப்புக்கும் அனுப்புங்கள். 1959 முதல் இந்தியாவில் பெரிய அளவில் வளையமிட்டு வருபவர்கள் அவர்கள்தான். வெளிநாட்டு வளையமாக இருந்தாலும் எங்கே போட்டது என்று அவர்கள் மூலம் தெரிந்துகொள்ளலாம். வளையத்தை மட்டும் உயிருள்ள பறவையின் காலிலிருந்து கழற்றிவிடாதீர்கள்.